இடம், வலம்

நோர்ஹயாத்தி பிரசவ விடுப்பில் போனதும்
என் கோப்பு மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டது.
புது ஆள், கூ சியூ லியன்.
மேசையில் ஒரு கற்றாழைத் தொட்டி, சைக்கிள் சாவி.
கண் துடைக்கும் தாள் எங்கே என்று தேடினேன்,
அலமாரிக்குள் இருந்தது.
பதிவைப் பார்த்து "பாவா... லா?" என்றார்.
பவளராணி என்றேன்.
வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.
அதற்கு மட்டும் ஒரு மதிப்பெண் போட்டேன்.

நடந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்றார்.
அந்தக் காலையை மனதில் வைத்துக்கொண்டு
என் விரலைக் கண்ணால் தொடருங்கள்,
இடம், வலம், இடம், வலம்.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான். ஆனால் சுலபமில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பாயான் லெப்பாசில் பதினாறு வருஷமாக
நான் செய்வதே அதுதானே, டாக்டர்!
நுண்ணோக்கியில் கண்ணைப் புதைத்து
நகக்கண் அளவு சில்லில் முடியளவு கீறல் தேடி
இடம், வலம்,
ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம்.
கண்ணை ஆட்டினால் மனசு ஆறும் என்றால்
எங்கள் லைனில் பாதிப்பேர்
இந்நேரம் சித்தர்கள்.

அவரும் சிரித்தார்.
ஒரு வாரம் யோசியுங்கள்.

கஸ்தூரியிடம் சொன்னேன்.
விரலை ஆட்டுவதற்கு நூற்றெண்பது வெள்ளியா,
எங்கள் கோயிலில் வேப்பிலையையே ஆட்டுவார்கள்,
முப்பதுதான் என்றாள்.

பெர்ரியில் திரும்பும்போதெல்லாம் யோசித்தேன்.
கம்பெனி பஸ் இலவசம்.
நான்தான் மதிய ஷிப்டுக்கு மாறி
ஒன்றரை வருஷமாகக் காசு கொடுத்துக் கடலைத் தாண்டுகிறேன்,
அந்தப் பாலத்தைப் பார்க்காத பக்கமாக உட்கார்ந்து.

நோர்ஹயாத்தியிடம் ஒன்பது மாதம் சொன்னேன்.
சொல்லிச் சொல்லிக் கதை வழவழப்பாகிவிட்டது.
இருட்டு, மழை, மோட்டார் சைக்கிள்,
பஸ் உரசிய சத்தம்,
கண்ணாடியில் ஒரு சிவப்பு விளக்கு உருண்டது.
எந்த வரியில் அழுவேன் என்று எனக்கே தெரியும்,
அவருக்கும் தெரியும்.
தாள் பெட்டி சரியாக அங்கே நகர்ந்து வரும்.

சொன்னது அதுவரைதான்.

நான் எழுந்து நின்றதை,
நடுவழியில் கையைத் தூக்கி
நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தியதை,
நாற்பது பேரும் தூங்கியதை,
ஓட்டுநர் ரேடியோவைக் கூடக் குறைக்காததை,
பிறகு நான்
உட்கார்ந்துகொண்டதை
அவரிடம் சொன்னதில்லை.
அன்று கார்டு தட்டினேன். ஆறு ஐம்பத்திரண்டு.
கீறல் தேடினேன். எட்டுச் சில்லைக் கழித்தேன்.

சொல்ல வேண்டாம் என்கிறவரிடம்
அதுவும் சேர்ந்து வந்துவிட்டால்?
கதைக்கு வாசல் உண்டு, நான் சாத்திவிடுவேன்.
கண்ணுக்கு?

வியாழக்கிழமை போனேன்.
யோசித்தீர்களா?
இல்லை என்றேன், அதுவும் பொய்.
செய்வதா வேண்டாமா தெரியாது, டாக்டர்,
நடுவில் நிறுத்த வேண்டுமென்றால்
எந்த மொழியில் சொல்வது?
நான் பயந்தால் எனக்கு மலாய் மறந்துபோகும்.

மொழி வேண்டாம், கை போதும் என்றார்.
வேண்டுமானால் இன்று
அதை மட்டும் பழகலாம்,
மனதில் எதையும் வைக்காமல்.

விரல் புறப்பட்டது. இடம்.
வலம் போகும் முன்பே கையைத் தூக்கினேன்.
நின்றது.

மறுபடி.
தோள்வரைதான் தூக்கினேன். நின்றது.
மறுபடி, மடியிலிருந்து மணிக்கட்டை மட்டும்.
நின்றது.
ஏமாற்றிப் பார்க்க, மூக்கைச் சொறியப் போவதுபோல.
அதற்கும் நின்றது.
எத்தனை முறை என்று எண்ணவில்லை.
நான் எண்ணாமல் செய்த வேலை
இந்தப் பதினாறு வருஷத்தில் அது ஒன்றுதான்.

அடுத்த வியாழனுக்கு என் பெயரை
பென்சிலால் எழுதச் சொன்னேன்.
முகப்பில் இருந்த பெண் பென்சிலைத் தேடி
இழுப்பறை மூன்றையும் திறந்தாள்.

மறுநாள் உணவு இடைவேளையில்
தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.
என்னதான் செய்தார்கள் என்றாள் கஸ்தூரி.
ஒன்றும் செய்யவில்லை.
அதற்கா நூற்றெண்பது?